பவளத் தொட்டிக்கு எல்இடி விளக்கு: கண்ணை நம்பலாமா?

வீட்டுக் கூடத்தில் பவளத் தொட்டி வைத்திருப்பவர் ஒருவர், பழைய விளக்கைக் கழற்றிவிட்டுப் புதிய எல்இடி விளக்கைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானைத் தட்டியதும் தொட்டி முழுவதும் நீல ஒளி பரவுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் பழைய விளக்கோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. “இவ்வளவு விலை கொடுத்தும் வெளிச்சம் போதவில்லையே” என்று நினைத்து, அவர் விளக்கின் அளவை 100 விழுக்காட்டுக்கு ஏற்றிவிடுகிறார்.

இரண்டு வாரத்தில் பவளங்களின் மேற்பகுதி வெளிறத் தொடங்குகிறது. மூன்றாம் வாரத்தில் சில பவளங்கள் எலும்பு போல வெள்ளையாகிவிடுகின்றன. தண்ணீரைச் சோதித்தால் உப்பின் அளவு சரியாக இருக்கிறது. வெப்பநிலையும் சரி. மீன்கள் நன்றாக நீந்துகின்றன. பிறகு என்னதான் நடந்தது?

அவர் ஒளியைத் தம் கண்ணால் அளந்தார். பவளம் ஒளியை வேறு விதமாக அளக்கிறது. இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த வாரப் பாடம். உங்கள் வீட்டில் பவளத் தொட்டி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பாடநூலில் நீங்கள் தனித்தனியாகப் படிக்கும் ஒளிச்சேர்க்கை, அலைநீளம், வெப்பம், மின்சாரம் ஆகிய நான்கும் இந்த ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஒன்றாகக் கூடுகின்றன.

பவளத்துக்கு ஏன் வெளிச்சம் வேண்டும்?

பவளம் செடி அன்று, கல்லும் அன்று. அது ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. ஒரு பவளக் கட்டி என்பது ஆயிரக்கணக்கான சிறு உயிரிகள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. நம் வீவக அடுக்குமாடியைப் போல, ஒவ்வோர் உயிரிக்கும் சுண்ணாம்பால் ஆன ஒரு சிறு அறை உண்டு.

விலங்குக்கு ஏன் வெளிச்சம்? விடை அதன் திசுவுக்குள் இருக்கிறது. பவளத்தின் திசுவில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்பாசிகள் இருக்கலாம். அவை ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கின்றன. அந்த உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட இப்படிக் கிடைக்கலாம். பதிலுக்குப் பவளம் அவற்றுக்குத் தங்கும் இடமும், கரியமில வாயுவும், கழிவிலிருந்து கிடைக்கும் நைட்ரஜன் சத்தும் தருகிறது. இருவருக்கும் ஆதாயம் தரும் இந்த வாழ்க்கையைத்தான் உயிரியலில் கூட்டுயிர் வாழ்க்கை என்கிறோம்.

பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தப் பாசிகளின் நிறம். பாசி போய்விட்டால், ஒளி ஊடுருவும் மெல்லிய திசுவும் அதன் அடியில் உள்ள வெள்ளைச் சுண்ணாம்பும்தான் மிஞ்சும். ‘பவளம் வெளிறுதல்’ என்று செய்திகளில் படிக்கிறீர்களே, அது இதுதான்.

ஆக, தொட்டிக்கு மேலே உள்ள விளக்கு அலங்காரத்துக்காக மாட்டியது அன்று. பவளத்தின் சாப்பாடே அதிலிருந்துதான் வருகிறது.

கடல் ஒரு வடிகட்டி

சூரிய ஒளியில் வானவில்லின் எல்லா நிறங்களும் உண்டு. சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய 650 நானோமீட்டர். நீலத்தின் அலைநீளம் ஏறக்குறைய 450 நானோமீட்டர். இந்த ஒளி கடலுக்குள் இறங்கும்போது எல்லா நிறங்களும் ஒரே ஆழத்துக்குப் போவதில்லை. தண்ணீர் சிவப்பை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த நீரிலும்கூட ஐந்து மீட்டர் ஆழத்தில் அடர்சிவப்பு ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். நீலம்தான் தெளிந்த கடலில் ஆழமாகச் செல்லும்.

அதனால் பவளத்தின் பாசிகள் நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்தப் பழகியவை. அவற்றிடம் பச்சையத்தோடு பெரிடினின் என்ற இன்னொரு நிறமியும் உண்டு. நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒளியைப் பிடித்து ஒளிச்சேர்க்கைக்குக் கொடுப்பது அதன் வேலை. பவளத் தொட்டி விளக்குகள் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

நீல ஒளி பட்டதும் சில பவளங்கள் பச்சை, ஆரஞ்சு நிறங்களில் மின்னும். அவற்றின் திசுவில் உள்ள சில புரதங்கள் நீல ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் வெளிவிடுகின்றன. இதற்கு ஒளிர்வு என்று பெயர். எடுத்துக்காட்டும் பேனா மை மின்னுவதும் இதே போன்ற செயல்தான்.

பழைய விளக்குகள்

எல்இடி வருவதற்கு முன் பவளத் தொட்டிகளில் இரண்டு வகை விளக்குகள் பரவலாக இருந்தன. ஒன்று மெட்டல் ஹேலைட். பாதரச ஆவியும் சில உலோக உப்புகளும் அடைத்த சிறு குமிழுக்குள் மின்வில் எரியும். மிகுந்த வெளிச்சம், மிகுந்த சூடு. மற்றொன்று டீ-5 எனப்படும் மெல்லிய குழல்விளக்கு. அதன் விட்டம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். பெயரில் உள்ள 5 அதைத்தான் குறிக்கிறது. நீண்ட குழல் முழுவதும் ஒளிர்வதால் ஒளி எல்லாப் பக்கமும் சீராகப் பரவும், நிழல் குறைவு.

இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. எரிய எரிய அவற்றின் ஒளி குறையும், நிறமும் மாறும். அதனால் பவளம் வளர்ப்போர் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை குமிழையோ குழலையோ மாற்றுவார்கள். அப்படி மாற்றாமல் விட்டிருந்தால், தொட்டியில் உள்ள பவளங்கள் மெல்ல மெல்லக் குறைந்த ஒளிக்குப் பழகிவிட்டிருக்கும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நீல எல்இடி வந்த கதை

எல்இடி ஓர் அரைக்கடத்திக் கருவி. இரண்டு வகை அரைக்கடத்திகள் சந்திக்கும் இடத்தில், ஓர் எலெக்ட்ரான் அதற்கென உள்ள காலி இடத்தில் விழும்போது, தான் இழக்கும் ஆற்றலை ஒரு ஒளித்துகளாக, அதாவது ஃபோட்டானாக, வெளிவிடுகிறது. எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதைப் பொறுத்து ஒளியின் நிறம் அமையும். இழப்பு குறைவு என்றால் சிவப்பு. அதிகம் என்றால் நீலம்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை அமெரிக்காவின் நிக் ஹோலோனியாக் 1962ஆம் ஆண்டு உருவாக்கினார். நீலம் எளிதில் வசப்படவில்லை. அதற்கு ஏற்ற காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையில்லாமல் வளர்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஜப்பானில் இசாமு அகசாக்கி, ஹிரோஷி அமானோ இருவரும் நகோயா பல்கலைக்கழகத்திலும், ஷுஜி நகமுரா நிச்சியா என்ற நிறுவனத்திலும் அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பளிச்சிடும் நீல எல்இடி கைக்கு வந்தது. மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. வீட்டில் எரியும் வெள்ளை எல்இடியும் உள்ளே ஒரு நீல எல்இடிதான். அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது.

பவளத்துக்கு மிகவும் வேண்டியதும் நீலம். எல்இடியால் நன்றாகத் தர முடிந்ததும் நீலம். பொருத்தம் பிரமாதம். ஆனால் இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது.

லூமெனும் ஃபோட்டானும்

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை ஒளிதான் அதற்கு மிகப் பிரகாசமாகத் தெரியும். ஒரு வாட் அளவுள்ள அந்தப் பச்சை ஒளி 683 லூமென் பிரகாசம் கொண்டது. அதே ஒரு வாட் ஒளி 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால், அதன் பிரகாசம் ஏறக்குறைய 26 லூமென்தான். அதாவது, ஆற்றல் ஒன்றே ஆனாலும் கண்ணுக்கு 26 மடங்கு மங்கலாகத் தெரிகிறது.

ஒளிச்சேர்க்கை லூமெனைப் பார்ப்பதில்லை. எத்தனை ஃபோட்டான்கள் வந்து விழுகின்றன என்பதே அதற்குக் கணக்கு. ஒரு நீல ஃபோட்டானின் ஆற்றல் ஒரு பச்சை ஃபோட்டானைவிடச் சற்று அதிகம். அதனால் ஒரு வாட் நீல ஒளியில் உள்ள ஃபோட்டான்கள், ஒரு வாட் பச்சை ஒளியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. கண்ணுக்கு 26 மடங்கு வேறுபாடு. பாசிக்கோ ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு!

‘லக்ஸ்’ என்ற அளவும் கண்ணின் கணக்குப்படி அமைந்ததுதான். கைப்பேசியில் கிடைக்கும் ஒளிமானிச் செயலிகள் காட்டுவதும் லக்ஸ்தான். பவளம் வளர்ப்போருக்கு வேண்டிய அளவு ‘பார்’. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில், ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான்கள் விழுகின்றன என்பதே பார் அளவு. வெப்பமண்டலத்தின் உச்சிவெயிலில் நீருக்கு மேலே இது ஏறக்குறைய 2,000 இருக்கும். வீட்டுத் தொட்டியில் மென்பவளங்களுக்கு வழக்கமாக 50 முதல் 150 வரை போதும். கிளை விடும் கற்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை கொடுப்பார்கள்.

இப்போது முதல் பத்திக்குத் திரும்பிப் பாருங்கள். நீல எல்இடி மங்கலாகத் தெரிந்ததால் அளவை 100 விழுக்காட்டுக்கு ஏற்றினாரே, அந்த நேரத்தில் அவருடைய பவளங்களின் மேல், அவை பழகியிருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு ஃபோட்டான்கள் கொட்டியிருக்கலாம். பழைய குமிழ் ஒளி குன்றிப்போயிருந்தால் இந்தத் தாவல் இன்னும் பெரியது.

அதிக ஒளி எப்படிக் கேடாகும்?

“சார், அதிக ஒளி என்றால் அதிக ஒளிச்சேர்க்கைதானே? அதிக உணவுதானே? அது எப்படிக் கேடாகும்?” என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

புரோட்டாக் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லில் ஒரே நேரத்தில் எட்டுப் புரோட்டா போடலாம். வாடிக்கையாளர் கூடக் கூட விற்பனையும் கூடும். ஆனால் ஓர் எல்லை வரைதான். எட்டுக்கு மேல் இடமில்லை. அதற்குமேலும் உதவியாள் மாவைத் தட்டித் தட்டிக் கல்லில் எறிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒன்றின்மேல் ஒன்று விழும், திருப்பிப் போட நேரமிருக்காது, கருகும், கடை முழுக்கப் புகை.

ஒளிச்சேர்க்கையும் இப்படித்தான். ஒளி கூடும்போது வேகம் கூடும். ஓர் அளவுக்குமேல் ஒளி எவ்வளவு கூடினாலும் வேகம் கூடாது. அங்கே ஒளி இனி வரம்புக் காரணி அன்று. அப்போதும் ஃபோட்டான்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். பயன்படாத அந்த ஆற்றலில் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து, செல்லைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. அவைதான் நம் கடையில் எழுந்த புகை. பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகிறது. பவளத்தின் திசுவும் தாக்கப்படுகிறது. கடைசியில் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது.

பவளம் வெளிறியதும் உடனே இறந்துவிட்டது என்று பொருளில்லை. அது பட்டினி கிடக்கிறது. ஒளியைக் குறைத்து, சில வாரங்களுக்குள் பாசிகள் மீண்டும் பெருகினால் பிழைத்துக்கொள்ளும். காலம் கடந்தால் இறந்துவிடும்; வெற்றெலும்பின்மேல் பச்சைப் பாசி படரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒளி போதாவிட்டாலும் பவளம் நிறம் மாறும். ஆனால் அப்போது வெளிறாது, பெரும்பாலும் கரும்பழுப்பாகும். கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடிக்கப் பாசிகளும் நிறமிகளும் கூடுவதே காரணம். மேற்புறம் வெளிறினால் மிகை ஒளி. முழுவதும் பழுப்பேறினால் குறை ஒளி. முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சூடும் மின்கட்டணமும்

இவ்வளவு ஆபத்து இருந்தால் பழைய விளக்கே இருக்கட்டுமே என்று தோன்றலாம். மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொட்டியின் நீளம் 120, அகலம் 60, நீரின் உயரம் 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு ஏறக்குறைய 400 லிட்டர். நிறை ஏறக்குறைய 400 கிலோகிராம். ஒரு கிலோகிராம் கடல்நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,000 ஜூல் தேவை. பழைய விளக்கிலிருந்து 100 வாட் வெப்பம் நீருக்குள் போகிறது என்றும், விளக்கு 8 மணி நேரம் எரிகிறது என்றும் கொண்டால், நீர் பெறும் வெப்பம்:

100 × 8 × 3,600 = 28,80,000 ஜூல்

இதை 400 × 4,000, அதாவது 16,00,000ஆல் வகுத்தால் 1.8 பாகை. வெப்பம் வெளியே போகாவிட்டால் ஒரே நாளில் நீர் இவ்வளவு சூடாகும். கடலில் வழக்கமான உச்ச வெப்பநிலையைவிட ஒரு பாகை கூடி, சில வாரம் நீடித்தாலே பவளங்கள் வெளிறத் தொடங்கும். அப்படியென்றால் 1.8 பாகை சிறிய எண் இல்லை. அதனால்தான் நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் பவளத் தொட்டிக்குக் குளிரூட்டும் இயந்திரம் வைக்கிறார்கள். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

எல்இடியில் சூடே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. எல்இடியும் சூடாகும். ஆனால் மெட்டல் ஹேலைட் தன் வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராகக் கீழே நீருக்குள் அனுப்புகிறது. எல்இடியின் வெப்பமோ அதன் முதுகில் உள்ள அலுமினியத் தகட்டுக்குப் போய், காற்றில் கலந்துவிடுகிறது. ஒளி கீழே, சூடு மேலே. அந்தத் தகட்டில் தூசி படிந்தால் விளக்கின் ஆயுள் குறையும்.

இனி மின்கட்டணம். பழைய விளக்குகள் மொத்தம் 340 வாட், புதிய எல்இடி 160 வாட், தினமும் 8 மணி நேரம், ஒரு யூனிட் 30 காசு என்று கொள்வோம்.

பழைய விளக்கு: 0.34 × 8 × 30 = மாதம் 81.6 யூனிட்
புதிய விளக்கு: 0.16 × 8 × 30 = மாதம் 38.4 யூனிட்
மிச்சம்: 43.2 யூனிட்; ஏறக்குறைய 13 வெள்ளி

எல்இடி விளக்கின் விலை 900 வெள்ளி என்றால், மின்சார மிச்சத்தை மட்டும் வைத்துப் போட்ட பணத்தை எடுக்க ஏறக்குறைய 69 மாதம் ஆகும். பழைய குமிழ்களை மாற்ற ஆண்டுக்கு 120 வெள்ளி செலவானது என்றால், மாதத்துக்கு இன்னும் 10 வெள்ளி மிச்சம். அப்போது 39 மாதம் போதும். குளிரூட்டியின் மின்சாரமும் குறைந்தால் இன்னும் சீக்கிரம். உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் உள்ள விலையை வைத்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெட்டியில் ‘50,000 மணி நேரம்’ என்று எழுதியிருக்கும். தினமும் 8 மணி நேரம் என்றால் 17 ஆண்டுகள்! ஆனால் வழக்கமாக அது ஒளி 70 விழுக்காடாகக் குறையும் வரையுள்ள காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்பே விசிறியோ மின்னோட்டத்தைச் சீராக்கும் பகுதியோ பழுதாகலாம்.

மாற்றுவது எப்படி?

வீட்டில் யாராவது விளக்கை மாற்றத் திட்டமிட்டால், இதை ஓர் அறிவியல் சோதனையாகவே நடத்தச் சொல்லுங்கள்.

ஒன்று: பழைய விளக்கைக் கழற்றும் முன் அளந்துகொள்ளுங்கள். தொட்டியில் பவளங்கள் இருக்கும் ஆறு முதல் ஒன்பது இடங்களில் பார் அளவைக் குறித்து வையுங்கள். பார் அளவி விலை உயர்ந்தது, வாங்கத் தேவையில்லை. கடல்மீன் விற்கும் கடைகளிலோ பவளம் வளர்க்கும் நண்பர்களிடமோ இரவல் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு: எல்இடியைப் பொருத்தியதும், அதே இடங்களில் பழைய அளவின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் ஒளி கிடைக்கும்படி வையுங்கள். எல்இடியின் முன்னால் உள்ள வில்லைகள் ஒளியைக் குவிப்பதால், விளக்குக்கு நேர் கீழே ஒளி மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் இருக்கும். விளக்கை உயர்த்தினால் பரவல் சீராகும்.

மூன்று: வாரத்துக்கு 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூட்டாதீர்கள். பாசிகள் தங்கள் நிறமிகளை மாற்றிக்கொண்டு புதிய ஒளிக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் 40 விழுக்காடு என்பது உண்மையான ஒளியிலும் 40 விழுக்காடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் இடையிடையே அளந்து பார்ப்பது நல்லது. பார் அளவி கிடைக்காவிட்டால், கைப்பேசி ஒளிமானியை ஓர் அளவுக்குப் பயன்படுத்தலாம். அது காட்டும் எண் உண்மையன்று. ஆனால் ஒரே விளக்கு, ஒரே நிறக்கலவை, ஒரே இடம் என்றால், எத்தனை மடங்கு கூடியது என்பதைச் சொல்லும்.

நான்கு: மற்ற எதையும் அதே வாரங்களில் மாற்றாதீர்கள். புதிய உப்பு, புதிய உணவு, புதிய வடிகட்டி எல்லாம் பிறகு. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் படிக்கிறீர்களே, அது இங்கே ஓர் உயிரைக் காக்கும் விதி. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் பவளம் வெளிறினால், காரணம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

ஐந்து: மூன்று நாளுக்கு ஒருமுறை படம் எடுங்கள். ஒரே விளக்கு அளவு, ஒரே இடம்; படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டை. நம் நினைவு நிறத்தைச் சரியாக வைத்திருக்காது. அட்டை வெள்ளையாகத் தெரியும்படி படங்களைச் சரிசெய்து ஒப்பிட்டால், மெல்ல நடக்கும் வெளிறலைக்கூட முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

ஆறு: ஒளி கூடினால் பவளம் வேகமாக வளரும், நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் அதிகம் எடுக்கும். முன்பு போதுமாக இருந்தது இனி போதாமல் போகலாம். நீர்ச் சோதனையை நிறுத்தாதீர்கள்.

பாதுகாப்பும் முக்கியம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விளக்கின் கம்பி மின்செருகிக்குச் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலே போகும்படி அமைக்க வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், செருகியை எட்டாது. இந்த வேலையைப் பெரியவர்களின் துணையின்றிச் செய்யாதீர்கள். நீல எல்இடியை நேராக உற்றுப் பார்க்கவும் கூடாது. மங்கலாகத் தெரிவதால் தீங்கில்லை என்று நினைப்பது, முதல் பத்தியில் பார்த்த அதே தவறு.

நம் கடலிலும் பவளம் உண்டு

சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலில் 250க்கும் மேற்பட்ட கற்பவள வகைகள் பதிவாகியுள்ளன. சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டி நம் முதல் கடல் பூங்கா 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நம் கடல்நீரில் வண்டல் அதிகம். ஒளி ஆழத்துக்குப் போகாது. அதனால் பவளங்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வாழ்கின்றன. தெளிந்த கடலின் நீல வெளிச்சம் இங்கே இல்லை. பச்சை கலந்த மங்கல் வெளிச்சம்தான். அதிலும் வாழப் பழகிய பவளங்கள் இவை.

1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடானபோது இவை பெருமளவில் வெளிறின. அங்கே முதல் காரணம் வெப்பம். சூடான நீரில் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு தளர்ந்துபோகிறது. வழக்கமான வெயிலே அதற்கு மிகையாகிவிடுகிறது. புரோட்டாக் கல்லே சுருங்கிவிட்டது போல. தொட்டியில் விளக்கைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. கடலுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

கற்பவளங்கள் அனைத்தும் சைட்டீஸ் எனப்படும் அனைத்துலக வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவை. விடுமுறையில் கடற்கரைக்குப் போனால் பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். தொட்டிக்கு வேண்டுமானால், தொட்டியிலேயே வளர்த்து வெட்டி எடுத்த துண்டுகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. பழைய குறுந்தட்டு ஒன்றை எடுங்கள். அதன் பளபளப்பான பக்கத்தில் வீட்டு எல்இடி விளக்கின் ஒளியைப் பட வைத்து, வண்ணப் பட்டையைப் பாருங்கள். பிறகு குழல்விளக்கின் ஒளியைப் பாருங்கள். ஒன்றில் நிறங்கள் தொடர்ந்து வரும். மற்றொன்றில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். எது எது? சூரியனை இப்படிப் பார்க்கவே கூடாது.

2. இருட்டறையில் நிறம் மாற்றக்கூடிய விளக்கை நீலத்தில் வைத்து, சிவப்புத் தாளையும் எடுத்துக்காட்டும் பேனாவால் கோடிட்ட தாளையும் அதன் கீழே வையுங்கள். சிவப்புத் தாள் என்ன நிறமாகத் தெரிகிறது? கோடுகள் என்ன ஆகின்றன? எது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, எது புதிய நிறத்தில் வெளிவிடுகிறது என்று எழுதுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. 240 வாட் விளக்கு தினமும் 9 மணி நேரம் எரிகிறது. ஒரு யூனிட் 30 காசு என்றால், 30 நாள் செலவு எவ்வளவு?

2. பச்சை விளக்கு ஒன்றும் நீல விளக்கு ஒன்றும் ஒளிமானியில் ஒரே லக்ஸ் அளவைக் காட்டுகின்றன. எந்த விளக்கின் கீழ் உள்ள பவளத்துக்கு அதிக ஃபோட்டான்கள் கிடைக்கும்? ஏன்?

3. எல்இடிக்கு மாறிய பிறகு ஒரு தொட்டியில் பவளக் கிளைகளின் மேற்புறம் நன்றாக இருக்கிறது. அடிப்புறம் மட்டும் சாகிறது. விளக்கின் அளவைக் கூட்டினால் இது தீருமா? வேறு என்ன செய்யலாம்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு குறிப்பு: டீ-5 குழலையும் எல்இடியின் வில்லையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.